பெற்றோர் விருப்பம்

அந்தப் பள்ளியை அரசாங்கம் கட்டியதாக வாசல் கல்லில் வெட்டியிருக்கிறது. கல்லுக்கு என்ன, வெட்டினதைச் சொல்லும். உண்மையில் கட்டியவர்கள் நூற்பாலைத் தொழிலாளிகள். வார விடுமுறையில் வீட்டில் காலை நீட்டிப் படுக்காமல் மண் சுமந்து, செங்கல் அடுக்கி, ஆலையில் கழித்துப் போட்ட இரும்புச் சட்டங்களைக் கூரைக்கு ஏற்றினார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு பெரிய மனிதர் காரில் வந்து நாடாவை வெட்டினார். கல்லில் அவர் பெயர் இருக்கிறது.

ஒரு காலத்தில் அங்கே இல்லாத வகுப்பு இல்லை. பாடம் போக பேண்டு வாத்தியம், தட்டச்சு, தையல், தச்சு வேலை என்று எல்லாம் இருந்தன. சாயங்காலத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடந்தது. சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த ஆலைக்காரர்கள் அங்கேதான் கையெழுத்துப் போடக் கற்றார்கள். பிறகு ஆலை மூடியது. அதற்கப்புறம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். பேண்டு வாத்தியார் வேறு ஊர் பார்த்துப் போனார். அவர் விட்டுப்போன பெரிய முரசின் கிழிந்த வயிற்றில் ஒரு பூனை வருஷம் தவறாமல் குட்டி போட்டது. தட்டச்சு மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயின. தையல் டீச்சர் ஓய்வு பெற்றதும் அந்த அறையைப் பூட்டி, சாவியையும் தொலைத்துவிட்டார்கள்.

மிஞ்சியது தச்சுக் கொட்டகை மட்டும். அதை நடத்தியவரை ஊர் தச்சு வாத்தியார் என்று கூப்பிட்டது. அவரும் அதே பள்ளியில் படித்தவர்தான். அவருடைய அப்பா அந்தச் சுவருக்கு மண் சுமந்தவர், அந்தச் சாயங்கால வகுப்பில் கையெழுத்துப் பழகியவர். கூடத்து வாசலின் மூன்றாவது தூண் அப்பா நின்று எழுப்பியது என்று வாத்தியாருக்குத் தெரியும். அதைக் கடக்கும்போதெல்லாம் கை தானாகப் போய்த் தொட்டுவிட்டு வரும்.

அந்த வருஷம் பள்ளியில் சரியாக அறுபது பிள்ளைகள். அறுபதுக்கு ஒரு தலை குறைந்தாலும் பள்ளியை மூடி, மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பக்கம் போக இரண்டு பஸ் மாற வேண்டும். பையன்களை எப்படியாவது அனுப்பிவிடுவார்கள். பெண்பிள்ளைகளை இரண்டு பஸ் ஏற்றி அனுப்ப யாருக்கும் மனசு வராது. ஆக, பள்ளி மூடினால் பாதிப் பேருக்குப் படிப்பு அதோடு சரி. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த அறுபதில் ஒருத்தி தச்சு வாத்தியாரின் ஒரே மகள். பத்தாம் வகுப்பு, வருகை எண் பதினேழு. வீட்டிலும் தெருவிலும் அவளுக்குத் தந்தி என்று பெயர். ஊரில் ஒன்று நடந்தால் நடந்தவனுக்கே தெரிவதற்கு முன்னால் இவள் வந்து சொல்லிவிடுவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தால் சாப்பிட்டுக் கை கழுவும்வரை நிற்காது. "உனக்கு வாய் வலிக்காதாடி?" என்று அம்மா கேட்டால், "கேக்குற உனக்குக் காது வலிக்குதா?" என்பாள்.

லீவுக்கு அம்மாவோடு சித்தி வீட்டுக்குப் போனவளுக்கு அங்கே காய்ச்சல் கண்டது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். வாத்தியார் தகவல் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். மறுநாள் மூச்சையும் நிறுத்தினாள். காரியம் எல்லாம் அந்த ஊரிலேயே முடிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பையோடு பஸ் ஏறித் திரும்பினார்கள். பையில் அவள் துணிகள் இருந்தன.

திரும்பி வந்த இரண்டாம் நாள் சாயங்காலம் பெரிய டீச்சர் வந்தார். தலைமையாசிரியை என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊருக்கு அவர் பெரிய டீச்சர்தான். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. முட்டிவலியோடு நடந்தே வந்திருந்தார். 

"நான் கேக்க வந்தது கேக்கக் கூடாதது சார். திட்டணும்னா கேட்டு முடிச்சதும் திட்டுங்க" என்றார்.

"சொல்லுங்க டீச்சர்."

"நேத்துதான் ஸ்கூல் திறந்துச்சு. கணக்கு சார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பழக்கத்துல பதினேழுன்னு கூப்பிட்டுட்டாரு. கூப்பிட்டப்புறம்தான் அவருக்கே உறைச்சிருக்கு. கிளாஸே மூச்சு விடலை. பக்கத்துல உக்காரும்ல, அந்தப் பொண்ணு, பயந்துபோய் 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லிடுச்சு. அவரும் அப்படியே வந்ததா குறிச்சுட்டாரு. என்கிட்ட வந்து அழுதாரு. நான் பேரை அடிச்சிடுங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை."

அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. வாத்தியாரின் மனைவி பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவள். ஊர் திரும்பியதிலிருந்து யாருக்கு என்று தெரியாமல் எதையோ தைத்துக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த மாசம் தலை எண்ண வர்றாங்க சார்" என்றார் பெரிய டீச்சர். "அம்பத்தொம்பதுன்னா அன்னைக்கே மூடிட்டுப் போயிடுவாங்க. அதுவரைக்கும் பாப்பா பேரு இருக்கட்டும். நீங்க எங்கேயும் பதிய வேண்டாம், யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். "அதுவரைக்கும் நான் அழக் கூடாதா டீச்சர்?"

 பதில் சொன்னது வாத்தியார்தான். "வீட்டுக்குள்ள அழுதுக்கலாம்" என்றார். சொன்ன மாத்திரத்தில் தன் நாக்கின்மேல் அவருக்கே வெறுப்பு வந்தது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. மகள் போனது போனதுதான், இருக்கிற பிள்ளைகளாவது படிக்கட்டும் என்று மனசுக்குள் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். அப்பா எழுப்பிய தூண் கண்முன் வந்தது. தன் வேலையும் வந்தது, அதையும் மறைப்பானேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர் தானாகவே மூடிக்கொண்டது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, யாரும் சத்தியம் வாங்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் பின்வாசலால் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, குரல் எழுப்பாமல் போனார்கள். தெரியாத முகம் ஒன்று கடைப்பக்கம் வந்துவிட்டால் போதும், டீக்கடைக்காரர் வாத்தியாரைப் பார்த்து உரக்க, "என்ன சார், பொண்ணு நல்லாப் படிக்குதா?" என்பார். வாத்தியாரும் "படிக்குது, படிக்குது" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டால் சரி.

பெயர் இருந்தால் மட்டும் போதாதே, தலை வேண்டுமே. வருகிறவர் ஆளை நிறுத்தி எண்ணுவார். அதற்கும் ஒரு வழி பிறந்தது. மனைவியின் தங்கைக்கு ஒரு மகள். தந்தியைவிட ஒரு வயசு இளையவள், வீட்டில் சின்னவள். போன வருஷமே படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தாள். வாத்தியார் போய்க் கேட்டார். தங்கைக்குத் துளியும் இஷ்டமில்லை. "செத்தவ இடத்துல போய் என் பொண்ணை உக்கார வைக்கச் சொல்றீங்களே மாமா" என்றாள். ஆனாலும் அக்கா முகத்துக்காக அனுப்பினாள்.

தந்தியின் சீருடை சின்னவளுக்கு நீளம். பெரியம்மா அவளை முக்காலியில் ஏற்றி நிறுத்தி, விளிம்பை உள்ளே மடித்துத் தைத்தாள். துணியை வெட்டவில்லை. பிறகு பிரித்துவிட வசதியாகப் பெரிய பெரிய தையலாகப் போட்டாள். தலை வாரி, தந்திக்குப் போடுவதுபோலவே இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். முடித்த பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். சின்னவளுக்குப் பயமாக இருந்தது, ஆனால் அசையாமல் நின்றாள்.

எண்ண வந்த அதிகாரி நல்ல மனிதர். அதுதான் கொடுமை. முரட்டு ஆளாக இருந்திருந்தால் ஏமாற்றுவது இன்னும் சுலபமாக இருந்திருக்கும். சொந்தப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளிடம் சிரித்துப் பேசினார். பத்தாம் வகுப்பு தச்சுக் கொட்டகைக்கு அடுத்த சுவர். வாத்தியார் இழைப்புளியை ஒரு பலகைமேல் வைத்துக்கொண்டு, இழைக்காமல் காதைக் கொடுத்து நின்றார். பதினைந்து. பதினாறு.

"பதினேழு."

"உள்ளேன் ஐயா."

அந்தக் குரலில் தந்தியின் சாயல் கொஞ்சம் இருந்தது. ஒரே குடும்பத்துத் தொண்டை. வாத்தியார் இழைக்கத் தொடங்கினார். பலகையில் பள்ளம் விழுந்த பிறகுதான் ஒரே இடத்தை இழைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

போகும்போது அதிகாரி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். கூடவே சின்னவளையும் அழைத்து வந்திருந்தார். "பதினேழு உங்க பொண்ணாமே சார்! மூக்கு அப்படியே உங்களை உரிச்சு வெச்சிருக்கு."

பெண்டாட்டியின் தங்கை மகளுக்குத் தன் மூக்கு எங்கிருந்து வந்தது என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை. "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்தார். 

எண்ணி முடித்ததோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்தால், இனிச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எண்ணுவார்கள் என்று ஓர் உத்தரவு வந்தது. சின்னவள் அந்த வருஷம் முழுக்க இருந்தாக வேண்டியதாயிற்று. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

முதலில் மாறியது மனைவிதான். ஒருநாள் சாப்பாடு போடும்போது, "தந்தி, இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோ" என்றாள். "நான் சின்னவ, பெரியம்மா" என்றாள் அந்தப் பெண். மறுபடியும் சில தடவை அப்படித் திருத்திப் பார்த்தாள். பிறகு திருத்துவதை விட்டுவிட்டாள். இன்னொரு நாள் மனைவி சீருடை விளிம்பைப் பிரித்து இறக்கித் தைத்தாள். "வளந்துட்டா" என்று புருஷனிடம் சொன்னாள். அந்தச் சமயத்தில் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வாத்தியாரால் பார்க்க முடியவில்லை. வெளியே அழாதே என்று சொன்னவர் அவர்தான். அழாதவள் வேறு என்ன செய்வாள்?

வாத்தியார் மட்டும் யோக்கியமா? தினமும் காலையில் கொட்டகையைச் சீக்கிரம் திறந்துவிட்டு, வருகை எடுக்கும் நேரத்தில் ரம்பத்தையும் சுத்தியலையும் தொடாமல் சுவர் ஓரமாக நிற்பார். அந்த ஒரு பதிலைக் கேட்டுவிட்டால் அன்றைய பொழுது ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளை அவருக்குப் பிடிக்காமல் போயிற்று. ஒரு ராத்திரி சாப்பிடும்போது சின்னவள் வாய் தவறி அவரை "அப்பா" என்று கூப்பிட்டாள். அவர் தட்டிலேயே கையை உதறிவிட்டு எழுந்து போனார். கோபம் வந்ததால் அல்ல. கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

பரீட்சைக்கு முன்னால், எந்த முகாந்திரமும் இல்லாமல், பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அறுபது என்ற சட்டத்தை எடுத்துவிட்டு நூறு என்று போட்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஓட்டம் முடிகிற நேரத்தில் கோட்டைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். பெரிய டீச்சர் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். மரத்தூள் கிடந்த பெஞ்சியில் அப்படியே உட்கார்ந்தார். "சும்மா கெடுத்துட்டேனே சார் உங்க ரெண்டு பேரையும்" என்றார். 

செய்தி தெரிந்ததும் தங்கை வந்துவிட்டாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அக்கா, என் பொண்ணை எனக்குக் குடுத்துடு" என்றாள். மனைவி உள்ளே போய்ச் சின்னவளின் துணிகளை எடுத்து வந்தாள். சீருடையை மட்டும் தரவில்லை. சின்னவள் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

டி.சி. கொடுக்கிற நாள் வந்தது. கூடத்தில் பெஞ்சிகளைப் போட்டு, பிள்ளைகளையும் பெற்றவர்களையும் உட்கார வைத்திருந்தார்கள். அத்தனை பெஞ்சியும் வாத்தியார் கொட்டகையில் செய்தவை. அதே அதிகாரி வந்திருந்தார், அதே தண்ணீர்ப் பாட்டிலோடு. ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட, பெற்றவர்கள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்" என்றார் அதிகாரி. "யாரோட விவரத்துலயாவது தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஒண்ணுல தப்புன்னாலும் மொத்த டி.சி. கட்டும் விசாரணைக்குப் போயிடும், வர மாசக்கணக்காகும். மலைக்கு அந்தப் பக்கத்து ஸ்கூல்ல இந்த வாரத்தோட சேர்க்கையை நிறுத்துறாங்க."

பெரிய டீச்சரின் முகத்தில் ரத்தமில்லை. தந்தி பெயருக்கும் சேர்த்துத்தான் டி.சி. எழுதியிருந்தார். எழுதாமல் எப்படி? பதிவேட்டில் வருஷம் முழுக்க வந்தவளாயிற்றே. பரீட்சை என்று வந்தால் படம் ஒட்டிய சீட்டு வேண்டும், ஆள்மாறாட்டம் என்று பிடித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் அவளைக் கௌரவமாக வெளியே அனுப்பிவிட இதைவிட நல்ல வழி கிடையாது.

"பதினேழு" என்று கூப்பிட்டார் கணக்கு வாத்தியார்.

கூடம் மூச்சு விடவில்லை. அன்றைக்குப் பதில் சொன்ன பக்கத்து சீட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வாத்தியார் எழுவதற்குள் அவர் மனைவி எழுந்துவிட்டாள். நேராக நடந்து போய் மேஜைமேல் இருந்த தாளை எடுத்து நின்ற இடத்திலேயே படித்தாள்.

"எங்கம்மா பொண்ணு? வரலையா?" என்றார் அதிகாரி.

"நடத்தை, நன்று" என்று அவள் உரக்கப் படித்தாள். "பள்ளியை விட்டு நீங்கும் காரணம், பெற்றோர் விருப்பம்." தாளிலிருந்து கண்ணை எடுத்துப் பெரிய டீச்சரைப் பார்த்தாள். "யாரோட விருப்பம் டீச்சர் இது? நான் எப்ப விரும்பினேன்?"

"அம்மா, அது எல்லாருக்கும் போடுற வார்த்தை" என்றார் அதிகாரி.

"மாத்தி எழுதச் சொல்லுங்க சார். அவ செத்துப் போயிட்டா. காய்ச்சல் வந்து, என் தங்கச்சி ஊரு ஆஸ்பத்திரியில, என் மடியில செத்துப் போனா. செத்துப் போயிட்டான்னு எழுதுங்க."

அந்த வார்த்தையை அந்த ஊர் வருஷம் முழுக்க வாயில் அடக்கி வைத்திருந்தது. இப்போது அது கூடத்தின் நடுவே கிடந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி மெதுவாக வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"சார், அந்தப் பொண்ணை நானே பார்த்தேனே. உங்க கொட்டகையில. என்ன சொல்றாங்க இவங்க?"

வாத்தியார் எழுந்து நின்றார். எத்தனை கண்கள் தன் முதுகில் இருக்கின்றன என்று அவருக்குத் திரும்பாமலே தெரிந்தது. எல்லாம் மகளோடு படித்த பிள்ளைகள். டீக்கடைக்காரர் தன் மகளோடு வந்திருந்தார். தான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கட்டு முழுவதும் போய்விடும், இந்தப் பிள்ளைகளும் போய்விடும். பெரிய டீச்சர் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால் மிஞ்சுவது பெண்டாட்டி ஒருத்தி. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷத்தில் அவளை இவ்வளவு தெளிவாக அவர் பார்த்ததே இல்லை. அவளுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்று அவர் பயந்துகொண்டிருந்தார். அவளுக்கு ஒன்றுமே இல்லை.

"அவளுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றார் வாத்தியார். "கொஞ்ச நாளா இப்படித்தான் ஏதாவது பேசுறா. பொண்ணு அவ சித்தி வீட்டுல இருக்கா."

கூடம் மூச்சு விட்டது. பின்னால் யாரோ ஒரு பெண் விசும்பி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி பரிதாபத்தோடு தலையாட்டினார். "நல்ல டாக்டரா பாருங்க சார்" என்று சொல்லிப் பேனாவை நீட்டினார்.

வாத்தியார் கையெழுத்துப் போட்டார். அவருடைய அப்பாவுக்கு இந்தக் கட்டடத்தில் கற்றுக்கொடுத்தது இதைத்தான். கை நடுங்கவில்லை, எழுத்து அழகாகவே விழுந்தது. அதில்தான் அவருக்கு மனசு விட்டுப் போயிற்று.

மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவரும் பின்னாலேயே வந்தார். வாசலில் மூன்றாவது தூண் பக்கம் அவள் நின்றாள். வழக்கம்போல அவர் கை தூணுக்குப் போய், பாதியில் நின்றது.

"ஏங்க" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்க?"

உள்ளே பதினெட்டைக் கூப்பிட்டார்கள்.